கன்னிமார் கோவில் சுவரின் மஞ்சள் கோடு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்று நீரியலில் மேற்படிப்புப் படித்தவள், இத்தனை வருடமாகப் பாலங்களுக்குத் தண்ணீர்க் கணக்குப் போடுகிறவள், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கச் சொன்னால் கரையிலேயே நின்றுவிடுவேன். அலுவலகத்தில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத ஆளே கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில். அங்கே ஓடுவது லாரிதான். அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். டியூபை முக்கிப் பார்க்கிற தொட்டிதான் சின்ன வயதில் நான் பார்த்த பெரிய நீர்நிலை.

நீங்கள் என்னை அழைக்கவில்லை, நானாக வந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குத்தான் முடிந்துவிட்டதே, எதற்கு வந்தீர்கள் என்று உங்கள் ஏட்டு வாசலிலேயே கேட்டார். நல்ல மனிதர், மோர் வாங்கிக் கொடுத்தார். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும், எனக்கும் திருப்தியாக இருக்கும்.

மல்லசமுத்திரம் பக்கம் கல்லாங்காட்டுப்புதூரில் திருமணிமுத்தாற்றின் மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. இந்தச் சம்பவத்துக்கு முந்தின வருட ஐப்பசியில் அது விழுந்தது. விழுந்தது என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது, பாலம் அப்படித் திடீரென்று விழுவதில்லை. தூணின் காலடி மணலை ஆறு ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிக்கொண்டே இருந்தது. மேலே பஸ் போய்க்கொண்டிருந்தது, கீழே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் நடுத்தூண் உட்கார்ந்துவிட்டது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று உடைந்த தளத்தில் முன்சக்கரம் தொங்க நின்றது. டிரைவர் குதித்து ஓடினார். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புதுப் பாலம் என்றதும் எல்லோரும் சிமெண்டையும் கம்பியையும் பற்றித்தான் பேசுவார்கள். அதெல்லாம் பிற்பாடு. முதலில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வரவேண்டும். எவ்வளவு தண்ணீர் வரும், அது எவ்வளவு உயரம் ஏறும், எவ்வளவு ஆழம் தோண்டும் என்று நாங்கள் சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் பாலத்தின் நீளம், உயரம், அஸ்திவாரம் எல்லாம். நான் வேலை செய்கிற நிறுவனத்துக்கு அந்தப் பொறுப்பு வந்தது. அதில் தண்ணீர்க் கணக்கு என் பங்கு.

அந்த ஆறு வருடத்தில் பாதி நாள் சாயத் தண்ணீரும் நுரையுமாகக் கிடக்கும். பார்க்கிறவர்கள் அதைச் சாக்கடை என்றே நினைப்பார்கள். ஏற்காட்டில் நன்றாகக் கொட்டினால் அதே சாக்கடை அரை நாளில் கரையை முட்டிக்கொண்டு வரும். எவ்வளவு உயரம் வந்தது என்று அளந்து வைக்க அந்தப் பக்கம் எந்த ஏற்பாடும் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் நாங்கள் ஊர்க்காரர்களைத்தான் கேட்போம். பெரிய வெள்ளம் எந்தப் படி வரைக்கும் வந்தது, எந்தச் சுவரைத் தொட்டது என்று கேட்டு, அந்த இடத்தைக் கருவி வைத்து அளப்போம். இது அங்கீகரிக்கப்பட்ட முறை, நான் கண்டுபிடித்ததல்ல.

புதூரில் யாரைக் கேட்டாலும் கன்னிமார் கோவிலைக் காட்டினார்கள். விழுந்த பாலத்துக்குச் சற்று முன்னால், தண்ணீர் வருகிற பக்கம், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் ஒரு சின்னக் கோவில். வெள்ளையடித்த சுவரில் மஞ்சளால் ஒரு கோடு. முப்பது வருடங்களுக்கு முன்னால் வந்த பெருவெள்ளம் அந்தக் கோட்டில் நின்று இறங்கியதாம், அதற்கு மேல் கன்னிமார் விடவில்லையாம். கோவிலை ஒட்டியே பொன்னாயியின் வீடு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போவார், எருமை வைத்திருந்தார். மகன் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான், வருடத்துக்கு ஒரு முறை வருவான். கோவிலைக் கூட்டி, விளக்கேற்றி, ஆடிக்கு ஆடி வெள்ளையடிப்பது அவர்தான். அந்தப் பள்ளத்தில் வேறு நான்கைந்து வீடுகளும் உண்டு.

நான் கோட்டை அளந்து அறிக்கை கொடுத்தேன். எங்கள் வடிவமைப்புத் தலைவர் மோகன்குமார் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மழையளவையும் ஆற்றின் வாட்டத்தையும் வைத்து அவர் போட்ட கணக்கில், வெள்ளம் என் கோட்டைவிட முழங்கால் உயரத்துக்குச் சற்று அதிகமாகவே தாழ்ந்து நின்றது.

"அன்பு, கோவில் சுவத்துல இருக்கற கோட்டை நம்பிப் பாலத்தைத் தூக்கச் சொல்றியா?" என்றார்.

"கண்ணால பார்த்தவங்க போட்ட கோடு சார். உங்க சூத்திரம் வெள்ளத்தைப் பார்த்ததில்ல."

கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. என்னை மறுத்துப் பேசினால் தாங்கிக்கொள்வேன். செல்லமாகச் சிரித்தால் உடம்பெல்லாம் எரியும். அதற்குப் பிறகு மூன்று கூட்டங்களில் நாங்கள் இதையே பேசிப் பேசி எல்லோரும் அலுத்துப்போனார்கள். கடைசியில் மோகன்குமார் ஒரு வழி சொன்னார். விழுந்த தூணின் மீதி மொட்டையாக நிற்கிறது, அதில் அளவுப் பட்டைகள் வரைந்துவிடலாம். வருகிற மழைக்காலத்தில் தண்ணீர் என் கோட்டு மட்டத்தைத் தொட்டால் என் உயரம், தொடாவிட்டால் அவர் உயரம். மழை முடிந்ததும் தானே புதூருக்கு வந்து ஊராரிடம் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். ஒரு வருட மழையை வைத்துப் பாலத்தைத் தீர்மானிப்பது முறையில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டோம்.

ஆடியில் தற்காலிகப் பாதை வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். பாலம் கட்டி முடியும்வரை ஊர் ஆற்றைக் கடக்கவேண்டுமே. பழைய பாலத்தைத் தாண்டி, தண்ணீர் போகிற பக்கம், ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி, அடியில் வரிசையாகச் சிமெண்டுக் குழாய்களை வைத்து ஒரு பாதை போட்டிருந்தோம். அதற்கும் நான்தான் கணக்குப் போட்டேன். அப்படியே கோவில் பக்கம் நடந்தேன். பொன்னாயி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பழைய கோட்டின் மேலும் சுண்ணாம்பை அடித்து மறைத்தார். பிறகு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, கையைச் சுவரில் வைத்து, விரலால் கோடு இழுத்தார். அது பழைய இடத்தில் இல்லை. ஒரு விரல் மேலே இருந்தது.

"என்னக்கா, மேல போட்டுட்டீங்க?"

"வருசா வருசம் ஒரு வெரக்கடை ஏத்தித்தானுங்க அம்மிணி போடோணும். போன வருசக் கோட்டுலயே போட்டா அம்மாளுக்குக் கொறச்சலாயிருமுங்க. அவளைக் கீழ எறக்குனாப்பல ஆயிருமில்லீங்களா."

"எப்பருந்துங்க?"

"நான் கட்டிக்கிட்டு வந்த வருசந்தான் பெருவெள்ளம் வந்துதுங்க. அப்பருந்து எங்க மாமியா, பொறவு நானு."

நான் அங்கேயே மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு விரல் என்றால், முழங்காலுக்குச் சற்று மேலே வருகிறது. மோகன்குமார் சொன்ன இடம் அச்சாக அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. கோவில் சுவர் என்றாரே, அந்தக் குரலே காதில் கேட்டது.

"இதை யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களாக்கா?"

"ஆருங்க கேட்டாங்க?" என்று சிரித்தார். "நீங்ககூட அளந்துட்டுத்தான் போனீங்க, கேக்கலீங்களே."

உண்மை. கேட்கவில்லை. கோடு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டேன், எப்போது போட்டது என்று கேட்கவில்லை. இதை அன்றைக்கே மோகன்குமாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு எனக்கு நியாயமான காரணம் இருந்தது. பாலம் கொஞ்சம் உயரமாக இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆறுகள் மாறிவிட்டன, மழை மாறிவிட்டது, பழைய சூத்திரங்களை நம்பக் கூடாது என்று நான் உண்மையாகவே நினைத்தேன். என் கோடு தவறான வழியில் வந்த சரியான விடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்து அதைக் காட்டிக்கொடுக்கும் என்று காத்திருந்தேன்.

புரட்டாசி வந்தது, போனது. தண்ணீர் தூணின் முதல் பட்டையைக்கூடத் தாண்டவில்லை.

இந்த ஆற்றில் மழைக்காலம் வந்தால் ஆகாயத்தாமரை கூட்டங்கூட்டமாக மிதந்து வரும். குழாய் வாய்களில் வந்து சேரும். அதை வாரிக் கரையில் போடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஐப்பசி பிறந்ததும் அவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன். குழாயை அடைக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. அடைபட்டதை எடுக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. தற்காலிக மண்பாதை ஆற்றுக்குக் குறுக்கே அணை போல நிற்பது. வெள்ளம் வந்தால் பாதையை வெட்டித் தண்ணீரை விட்டுவிடவேண்டும். பாதை போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதற்காக மழைக்காலம் முழுக்க ஒரு ஜேசிபி கரையில் நிற்கும். எப்போது வெட்டுவது என்று முடிவு செய்கிற பொறுப்பு என்னுடையது.

அந்த நாள் காலையில் ஏற்காட்டில் பேய்மழை என்று செய்தி வந்தது. நான் செய்யவேண்டியதை எல்லாம் செய்தேன். பாதையில் வண்டிகளை நிறுத்தினேன். ஊரில் மைக் கட்டிய ஆட்டோவை விட்டு, பள்ளத்து வீடுகளில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். பொன்னாயியும் போனார். ஜேசிபி ஓட்டுநர் இம்தியாஸ், சேலத்துப் பையன், வண்டியைப் பாதை நுனியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. சத்தம்தான் முதலில் வந்தது, அப்புறம் தூணின் முதல் பட்டை மறைந்தது.

அப்போது பொன்னாயி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கரையோரமாக வந்தார்.

"அம்மிணி, எருமை கட்டுத்தறியிலயே நிக்குதுங்க. செனை மாடு. போயி அவுத்துட்டு வந்தர்றனுங்க. தண்ணி ஊட்டுக்கு வந்துருங்களா?"

"வாசப்படிக்குக்கூட வராதுங்கக்கா. இப்ப ரோட்ட வெட்டிருவோம். நிதானமா போயிட்டு வாங்க."

"நீங்க சொன்னாச் செரிங்க சாமி. சித்தெ நேரத்துல வாரேன்."

அவர் போனார். அந்தப் பள்ளத்தை நான் அங்குலம் அங்குலமாக அளந்தவள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொன்னாயி வீட்டைவிட வீட்டுக்குப் போகிற தடம் தாழ்வு. தூணில் மூன்றாவது பட்டை மறைகிறபோது தடத்தில் தண்ணீர் இடுப்பளவு ஓடும், அப்புறம் திரும்பி வரமுடியாது. நான்காவது மறைகிறபோது வாசல். ஐந்தாவதில் மாட்டுக்கொட்டகையில் ஆள் மட்டம். அதற்கும் சற்று மேலே கோடு.

"மேடம், வெட்டிடட்டுங்களா?" என்றான் இம்தியாஸ்.

"பொறுங்க."

இரண்டாவது பட்டை போயிற்று. குழாய்கள் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. பாதைக்கு மேற்பக்கம் ஆறு ஏரியாகிக்கொண்டிருந்தது. இம்தியாஸ் இன்ஜினைப் போட்டு, வாளியைத் தூக்கிவைத்துக்கொண்டான். அவன் கை லீவரில் இருந்தது.

"மேடம், ரெண்டாவது பட்டை போயிடுச்சு. வெட்டிடலாம்."

"நான் சொல்றேன், பொறுங்க."

மூன்றாவது பட்டை மறைவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மழை முகத்தில் அடித்தது, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தண்ணீர் நான்காவதோடு நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

"மேடம், அந்த அம்மா உள்ள போனாங்களே, இன்னும் வரலையே."

"வந்திருப்பாங்க. அந்தப் பக்கமா ஏறிப் போயிருப்பாங்க."

"அந்தப் பக்கம் வழி இருக்குதுங்களா?"

"இருக்குது."

அந்தப் பக்கம் முள்வேலி. இம்தியாஸ் அந்த ஊர்க்காரன் இல்லை, அவனுக்குத் தெரியாது. அவன் என்னை நம்பினான். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை, இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓதிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

மோகன்குமார் மழை முடிந்து ஊராரிடம் பேச வருவார் என்பதும், அவர் பேசினால் முதலில் பேசப்போவது பொன்னாயியிடம்தான் என்பதும் அப்போது என் நினைவில் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அதற்கும் நான் பொறுக்கச் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. நான் தண்ணீர் மட்டத்துக்காகத்தான் நின்றேன். மற்றது அதோடு சேர்ந்து வந்தது.

ஐந்தாவது பட்டை போன பிறகு கோவில் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது. ஒரு முறை "அம்மிணி" என்று கேட்டது, இரண்டாவது முறை சரியாகக் கேட்கவில்லை. இம்தியாஸுக்கு இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது. கோட்டு மட்டத்துக்கு நான் தூணில் சிவப்பாக ஒரு பட்டை வரைந்திருந்தேன். தண்ணீர் அதைத் தொட்டது. தொட்டதைப் படம் எடுத்தேன், அதற்குள் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு வெட்டச் சொன்னேன்.

பாதை நான்கு வாளியில் அறுத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்த வேகத்தில் எல்லோரும் திகைத்துப்போனார்கள். பொழுது சாய்வதற்குள் கோவிலுக்குப் போகமுடிந்தது. வெள்ளைச் சுவரில் சேறு ஒரு நேர்கோடாகப் படிந்திருந்தது. அந்தச் சேற்றுக்கோடும் மஞ்சள் கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

பொன்னாயியைக் கொட்டகையில் கண்டெடுத்தார்கள். எருமை பிழைத்துக்கொண்டது, அவிழ்த்த கயிறு அவர் கையில் சுற்றியிருந்தது. மகன் மூன்றாம் நாள் வந்தான். என்னிடம் வந்து, "எங்கம்மா உங்களைப் பத்தி போன்ல சொல்லுமுங்க" என்றான். எனக்கு அழுகை வந்தது. நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதேன். அந்த அம்மா எனக்கு எப்போது போனாலும் கம்பங்கூழ் கொடுப்பார்.

அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். விசாரணைக் குழு வந்தது. பாதையைத் தாமதமாக வெட்டியதால்தான் தண்ணீர் அவ்வளவு ஏறியது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அப்படியென்றால் அன்றைய மட்டம் ஆற்றின் மட்டமே இல்லை, கணக்கில் சேராது. ஆனாலும் உயிர் போன இடத்தில் பாலத்தைத் தாழ்த்திக் கட்டினோம் என்ற பெயர் வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். என் உயரமே உறுதியாயிற்று. தூண்கள் இப்போது என் மட்டத்துக்கு எழும்பி நிற்கின்றன, போகிற வழியில் பாருங்கள். நாளைக்கு அந்தப் பாலம் எத்தனை பேரைக் காப்பாற்றும் என்று யோசித்தால், நான் செய்தது ஒன்றும் பெரிய கொடுமையாகத் தெரியவில்லை. இதை நான் என் மனதுக்குள் பலமுறை சரிபார்த்திருக்கிறேன்.

பிறகு ஏன் வந்தேன் என்கிறீர்கள். மோகன்குமார் என் மேல் இரக்கப்பட்டுக் குழுவிடம் பேசியிருக்கிறார். அனுபவம் போதாத பெண், வெள்ளம் ஏறுகிற வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை, பதறிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். குழுவும் அதையே எழுதிவிட்டது. எனக்குத் தண்டனை கிடையாது, ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வரவேண்டுமாம். அறிக்கையின் பிரதி நேற்று வந்தது. 'பொறியாளரின் கணிப்புப் பிழை' என்று ஒரு வரி. இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் எந்த நேரத்தில் தடத்துக்கு வரும், எந்த நேரத்தில் வாசலுக்கு வரும், எந்த நேரத்தில் அந்த அம்மாவின் தலைக்கு மேல் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன், தெரிந்துதான் நின்றேன். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்குத் தண்ணீர் வந்தது. கொலை என்று எழுதுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். கணக்குத் தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள்.